ஃபைபர் படகைத் தேய்க்கும் முன்

பாய்மரப் படகின் விரிசலை அடைக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீர்களா? முதலில் கீழே ஒரு பழைய தார்ப்பாயை விரியுங்கள். மாவு போல உதிரும் அந்த வெள்ளைப் பொடி முழுக்கக் கண்ணாடி இழையும் பிளாஸ்டிக் பிசினும்தான். மட்காது, மணலில் விழுந்தால் அடுத்த அலையோடு கடலுக்குப் போய்விடும். வாட்டர் பேப்பர் எனும் தண்ணீர் தாங்கும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி அவ்வளவாகப் பறக்காது. ஆனாலும் முகக்கவசம் கட்டாயம், நுரையீரல் முக்கியம். நனைந்த பொடிச் சேறு காய்ந்ததும் தார்ப்பாயோடு சுருட்டிக் குப்பையில் சேர்த்துவிடலாம். அப்புறம், தினமும் கரையேற்றி வைக்கும் சின்னப் படகுக்குச் செம்பு கலந்த அடிப்பூச்சு வேண்டவே வேண்டாம். தண்ணீரிலேயே கிடந்தால்தானே கொட்டலசு எனும் ஓடுள்ள சின்னக் கடலுயிர் அடியில் ஒட்டி வளரும்? அந்தச் செம்பு நண்டு, சிப்பிக் குஞ்சுகளுக்கும் நஞ்சு. ஈரத்துணியால் அடியைத் துடைத்தாலே போதும்.