குடியை நிறுத்த உதவும் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் நடக்கின்றன. பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ கூடுவார்கள் என்பதால் வெளியே தெரிவதில்லை. ஏஏ இந்தியா இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்கும் பேசலாம், கட்டணம் இல்லை.

போகும் முன் போன் செய்து, இடமும் நேரமும் மாறவில்லையே, தமிழில் பேசுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டார் கூட வருவதென்றால் அது 'ஓப்பன் மீட்டிங்'கா என்றும் கேளுங்கள். மற்றவை குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். பணம் கட்ட வேண்டாம். முழுப் பெயரும் சொல்ல வேண்டாம். முதல் நாள் சும்மா உட்கார்ந்து கேட்டாலே போதும். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, இது ரொம்ப முக்கியம்: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவர் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். மனைவி, பெற்றோருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.