தறி நிற்கும் நேரத்தில் குரல் பதிவு

பிரிட்டனின் ஆலிவர் போஸ்ட்கேட் (1925–2008) குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களைத் தாமே எழுதித் தயாரித்ததோடு, அவற்றில் பலவற்றுக்குக் கதைசொல்லியாகக் குரலும் கொடுத்தார். கேன்டர்பரிக்கு அருகே, கூட்டாளி பீட்டர் ஃபர்மினின் இடத்தில் பயன்படாமல் கிடந்த மாட்டுக்கொட்டகைதான் அவர்களுடைய படப்பிடிப்புக்கூடம். மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய திரைப்பட நிலையத்தின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சி நிற்கும் சேலத்தில், குரல் பதிவுக்குக் கூடம் இல்லையே என்று தயங்குபவர்கள் அந்தக் கொட்டகையை நினைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை எழுத்து. 1969-இல் பிபிசியில் வந்த ‘கிளாங்கர்ஸ்’ தொடரின் பொம்மைகள் ஊதல் ஒலியில்தான் பேசும். ஆனாலும் அவற்றின் வசனத்தை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அதன் ஏற்ற இறக்கத்தையே ஊதலில் வாசித்தார்கள். ஊதலுக்கே பிரதி தேவைப்பட்டதென்றால் நமக்குக் கட்டாயம் தேவை. எழுதியதை உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறித்துவிடுங்கள். ஆண்டுகளையும் தொகைகளையும் எழுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். ‘1969’ என்று பார்த்த கண்ணுக்கு ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது’ வருவதற்குள் நாக்கு தடுமாறிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, சேலத்தின் அம்மாபேட்டை, குகை போன்ற பகுதிகளில் விசைத்தறிச் சத்தமே பெரிய இடைஞ்சல். சுவரின் வழியாகவும் அதிர்வு வருவதால் சன்னலைச் சாத்துவதால் மட்டும் பயனில்லை. செய்தித்தாளில் வரும் மின்தடை அறிவிப்பை நான் ஆவலோடு தேடுவதற்கு இதுவே காரணம்: தறியும் நிற்கும், மின்விசிறியும் நிற்கும், மின்கலத்தில் இயங்கும் கைப்பேசி மட்டும் வேலை செய்யும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தறித் தொல்லை இல்லை. தகரக்கூரையில் விழும் மழையையும் அந்தியில் தொடங்கும் சில்வண்டையும் தவிர்க்க வேண்டும். சில்வண்டின் கூர்மையான ஒலியைப் பின்னால் நீக்க முயன்றால் ‘ச’வும் ‘ஸ’வும் சேர்ந்தே மழுங்கும்.

துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் எதிரே அமர்ந்தால் எதிரொலி பெருமளவு அடங்கும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள்; நேர் எதிரே வைத்தால் ‘ப’கரம் வெடிக்கும். காணொளிக்கான பதிவு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் அமைப்பு), ஒலி அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி பதிவுசெய்யுங்கள். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியையும் பதிந்துகொண்டால், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அதுவே மாதிரியாகும்.

பதிந்த அன்றே வெட்டி ஒட்ட உட்கார வேண்டாம். தன் குரலின் மீதுள்ள மயக்கம் தெளிய ஓர் இரவாவது ஆகும். மறுநாள் பிரதியைக் கையில் எடுக்காமல் தயாரிப்பாளராகக் கேளுங்கள். ‘மழை’ ‘மளை’யாக ஒலித்த இடங்களையும், வாக்கிய இறுதியில் குரல் விழுங்கப்பட்ட இடங்களையும் குறித்துக்கொண்டு, அந்தச் சொல்லை மட்டுமல்லாமல் முழு வாக்கியத்தையும் மீண்டும் பேசிப் பதியுங்கள்.