லேத்தில் கூலன்ட் வெள்ளத்தைக் குறைப்பது எப்படி?

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒற்றை லேத் ஓட்டுபவர்களுக்கு, வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டி தீராத தலைவலி. தண்ணீரில் கலந்த எண்ணெய் வெயில் காலத்தில் சீக்கிரம் நாறிவிடும். நாறியதைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அதற்குப் பதில், துளி எண்ணெயைக் காற்றோடு சேர்த்து வெட்டும் முனையில் மட்டும் தெளிக்கலாம். இதை எம்க்யூஎல் (மினிமம் குவான்டிட்டி லூப்ரிகேஷன்) என்பார்கள். தொட்டி முறையில் நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் பாயும். இதில் பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 100 மில்லிதான்.

முதலில் எண்ணெய். இதற்கென்றே விற்கும், தாவர எண்ணெயில் செய்த கட்டிங் ஆயிலை வாங்குங்கள். நம் பக்கம் செக்குக் கடலை எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, ஊற்றிப் பார்க்க ஆசை வரும். வேலையும் நடக்கும். ஆனால் நாளடைவில் பிசினாகி, எண்ணெய் தெளிக்கும் நாசிலை அடைக்கும். விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி. தேங்காய் எண்ணெயோ 24 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் மிஷினை ஆன் செய்தால் பாட்டிலிலேயே நிற்கும்.

அடுத்து காற்று. கடலோர ஊர் என்பதால் கம்ப்ரசர் லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம், இல்லையென்றால் ஜாப் (கடையும் பொருள்) துருப்பிடிக்கும். அழுத்தம் 4 முதல் 6 பார் போதும்.

அப்புறம் நாசில். பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. ஜாப்பைச் சுழற்றும் ஸ்பின்டிலை நிறுத்திவிட்டு, நாசிலைக் காந்தத்தால் ஒட்டி நிற்கும் மேக்னட் பேஸில் பொருத்தி, முனைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். வெட்டி வரும் உலோகச் சீவலின் முதுகில் அடித்தால் எண்ணெய் வீண். இன்செர்ட்டும் (வெட்டும் முனைத் துண்டு) ஜாப்பும் உரசும் இடுக்கைக் குறிவையுங்கள்.

எண்ணெய் அளவை மணிக்கு 50 மில்லியில் தொடங்கலாம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஜாப் சொட்டச் சொட்ட நனைந்தால் அதிகம். சீவலில் லேசான பளபளப்பு இருந்தால் சரி. பட்டறையில் புகைமூட்டம் தெரிந்தால் எண்ணெயையும் காற்றையும் குறையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். அந்த மூட்டத்தைச் சுவாசிப்பது நல்லதல்ல.

அளவெடுக்கும்போது அவசரம் வேண்டாம். 100 மில்லிமீட்டர் ஸ்டீல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.023 மில்லிமீட்டர் நீளும். ஆறவிட்டு மைக்ரோமீட்டர் வையுங்கள்.

பழகுவதற்கு மைல்ட் ஸ்டீலும் அலுமினியமும் ஏற்றவை. வார்ப்பிரும்புக்கு எண்ணெயே பெரும்பாலும் வேண்டாம், அதிலுள்ள கிராஃபைட்டே வழவழப்பைத் தரும். கிரைண்டிங்குக்கும் ஆழமான டிரில்லிங்குக்கும் இப்போதைக்குப் பழைய கூலன்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.