எல்.ஓ.ஆர். கேட்டு வருவதற்கு முன்

"மேம், ஒரு எல்.ஓ.ஆர். வேணும். நாளன்னைக்குக் கடைசி நாள்."

டிசம்பர் 13. செமஸ்டர் தேர்வு மேற்பார்வை முடிந்து விடைத்தாள் கட்டோடு நான் வெளியே வந்தபோது ஒரு மாணவி இப்படிப் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். அன்றிரவே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவளுடைய திறமையில் பாதிகூட அந்தக் கடிதத்தில் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தென் மாவட்டப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் துறையில் 14 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அமெரிக்காவுக்கு எம்.எஸ்., பி.எச்.டி. விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கடிதம் எழுதுகிறேன். அவர்களுக்கு நேரில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். பி.எச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். எம்.எஸ். சில இடங்களில் அதற்குப் பிறகும் இருக்கும். இங்கே அதே நாட்களில்தான் தேர்வு, பேப்பர் திருத்தம் எல்லாம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கரண்ட் போனால் நெட்டும் போய்விடும்.

பெரும்பாலான இடங்களில் மூன்று கடிதம் கேட்பார்கள். எச்.ஓ.டி., பிரின்சிபால் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். கடிதத்தோடு பல்கலை கேட்கும் படிவத்தையும் நிரப்புகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அது சரியில்லை. இந்த மாணவரை எத்தனை காலமாக, எந்த வகையில் தெரியும் என்று அதில் கேட்பார்கள். நீங்கள் பாடம் நடத்தியவர்களில் இவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்திலா என்றும் பல இடங்களில் கேட்பார்கள். உங்களுக்கு வகுப்பே எடுக்காத பிரின்சிபால் இதற்கு என்ன பதில் எழுதுவார்? முதலில் புராஜெக்ட் கைடு. அடுத்தது, லேபில் உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். எம்.எஸ்.ஸுக்கு என்றால் இன்டர்ன்ஷிப்பில் வேலை வாங்கியவர் மூன்றாவதாக இருக்கலாம். பி.எச்.டி.க்கு ஆராய்ச்சி தெரிந்தவர்களே மூவரும் இருப்பது நல்லது.

அடுத்து, எல்லாரும் பேசத் தயங்கும் விஷயம். "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறைய. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருநாள் அதே மாணவனுக்காக இன்னொரு ஆசிரியர் பெயரில் தயாரான கடிதத்தைத் துறை அறை மேசையில் பார்த்தேன். நான் கையெழுத்திட்ட கடிதத்தில் இருந்த அதே வாக்கியங்கள், அதே எழுத்துப்பிழை. அங்கே சேர்க்கைக் குழுவில் இருப்பவர் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பார் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், "சார், நான் பண்ணின வேலையை ஒரு பக்கத்துக்குக் குறிப்பா தர்றேன், நீங்க உங்க வார்த்தையில எழுதுங்க சார்" என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இருப்பது நேரப் பஞ்சமும் நினைவுப் பஞ்சமும்தான். அதற்கும் முடியாது என்றால் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.

அந்த ஒரு பக்கக் குறிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்றெல்லாம் அதில் எழுத வேண்டாம். எனக்கு மறந்துபோனதை எழுதுங்கள். கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்து இயக்கும் கருவி செய்த மாணவன் ஒருவன், எனக்குத் தந்த குறிப்பில் இப்படி எழுதியிருந்தான்: "இரண்டாம் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ரிலே ஒட்டிக்கொண்டது. மோட்டார் அணையும்போது வரும் மின்னழுத்த உதறலைக் காரணமாகக் கண்டுபிடித்தேன். அதைத் தணிக்கும் ஸ்னப்பர் சேர்த்துத் திரும்பவும் சால்டர் செய்தேன்." படித்ததும் அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவன் அலைக்காட்டியை விட்டு நகராமல் நின்றதையும், மற்ற குழுக்கள் கிளம்பிப் போனதையும் சேர்த்து எழுதினேன். வேறு எந்த மாணவனின் கடிதத்திலும் அந்தப் பத்தி வர முடியாது.

குறிப்போடு மதிப்பெண் பட்டியலும், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையும் வையுங்கள். பல்கலைகளின் பெயர், பாடப்பிரிவு, கடைசித் தேதி மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். ஒவ்வொரு பல்கலைக்கும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டியிருப்பதால், எட்டுக்கு மேல் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. அந்த நேரத்தை நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியரிடம் மட்டும் ஐந்து நாள் முந்திய தேதியைக் கொடுங்கள்.

விண்ணப்பத்தில் ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சலையே கொடுங்கள். ஜிமெயிலைச் சில பல்கலைகள் ஏற்பதில்லை. ஆசிரியர் பெயரில் நீங்களே ஒரு முகவரி தொடங்கிக் கடிதத்தை ஏற்றுவது மோசடி. பிடிபட்டால் கிடைத்த சீட்டும் போகும். எந்த அண்ணன் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். அமெரிக்காவில் 1974-இல் வந்த மாணவர் ஆவணச் சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுக்கிறேன் என்றே குறியுங்கள். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் படிக்கிறவர்கள் கடிதத்தை நம்புவார்கள். அப்படிக் குறிக்க மனம் வராத அளவுக்கு ஒருவர்மேல் சந்தேகம் இருந்தால், அவரிடம் கடிதமே கேட்க வேண்டாம்.

இரண்டு வாரம் முன்பு ஒருமுறை, மூன்று நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. கடிதத்தை ஏற்றப் பல்கலை எங்களுக்கு அனுப்பும் இணைப்பு ஸ்பேமில் விழுந்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் முடிவு தெரிந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வரி அனுப்புங்கள். எந்தப் பல்கலை, எந்தத் துறை என்று நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். அடுத்த ஆண்டு அதே துறைக்கு இன்னொரு பெண் விண்ணப்பிக்கும்போது, 'இப்போது உங்களிடம் படிக்கும் எங்கள் முன்னாள் மாணவருக்கு இவளும் சமமானவள்' என்று நான் எழுத முடியும்.