டெல்டாவிலிருந்து அமெரிக்கா வந்திருப்பவர்களுக்கு: பெட்ரோல் விலையைப் பகுதிவாரியாகப் புரிந்துகொள்வது எப்படி?

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு, எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும் என்பது புதிய செய்தி அல்ல. நண்டலாற்றைக் கடந்து காரைக்காலுக்குள் நுழைந்ததும் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவதையும், அதற்காகவே தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் அங்குள்ள பெட்ரோல் பங்குகளில் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரி அரசின் மதிப்புக் கூட்டு வரி குறைவு என்பதே அதற்குக் காரணம். நரிமணத்தில் கச்சா எண்ணெய் எடுத்து, அருகிலுள்ள பனங்குடியில் 1993 முதல் சுத்திகரித்து வந்தபோதும், நாகை பங்கில் விலை சென்னையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்து வந்திருக்கிறது. ஆகவே விலையைத் தீர்மானிப்பது வரிதான், ஆலை எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அமெரிக்காவில் அந்த எண்ணம் பாதிதான் பொருந்தும்.

இங்கே விலை காலனுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு காலன் ஏறத்தாழ 3.785 லிட்டர். மத்திய அரசின் வரி 1993 முதல் காலனுக்கு 18.4 சென்ட் என்றே நிற்கிறது. அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைச் சேர்க்கிறது: டெக்சாஸில் 1991 முதல் 20 சென்ட், கலிபோர்னியாவில் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் இவ்விரு மாநிலங்களுக்கும் இடையே காலனுக்கு ஒன்றரை டாலர் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் விலை வேறுபடுவதை வரி மட்டும் விளக்கிவிடாது.

மீதியை விளக்குவது குழாய்வழிகளும் ஆலைகளும்தான். நாட்டின் சுத்திகரிப்புத் திறனில் பெரும்பகுதி மெக்சிகோ வளைகுடாக் கரையில், டெக்சாஸிலும் லூசியானாவிலும் இருக்கிறது. அங்கிருந்து ஹூஸ்டனில் தொடங்கும் கொலோனியல் குழாய்வழி தென்கிழக்கு மாநிலங்கள் வழியாக நியூயார்க் துறைமுகம் வரை பெட்ரோலைக் கொண்டு செல்கிறது. கலிபோர்னியாவுக்கு அத்தகைய குழாய்வழி கிடையாது. மேலும், காற்று மாசைக் குறைப்பதற்காக 1996 முதல் அந்த மாநிலம் தனக்கென்று ஒரு தனிக் கலவையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைத் தயாரிக்கும் ஆலைகள் வெளியே மிகக் குறைவு. எனவே அங்கே ஓர் ஆலை நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டைப் போன்ற நிலைதான்: குறையை உடனே ஈடுசெய்ய வேறு வழி இருக்காது. 2015 பிப்ரவரியில் டாரன்ஸ் ஆலையில் வெடிப்பு நேர்ந்தபோது கலிபோர்னியாவில் விலை வேகமாக ஏறியதற்கு இதுவே காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் இண்டியானாவின் வைட்டிங் ஆலையில் கோளாறு ஏற்பட்டபோது சிகாகோவைச் சுற்றியுள்ள மத்திய மேற்குப் பகுதியில் விலை துள்ளியது. 2021 மே மாதம் கணினித் தாக்குதலால் கொலோனியல் குழாய்வழி சில நாட்கள் நின்றபோது தென்கிழக்கு மாநிலங்களில் பல பங்குகள் வறண்டன.

நாடு முழுவதும் விலை ஏறும்போதும் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் ஏறுவதில்லை. 2022 ஜூனில் தேசியச் சராசரி முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியது; அப்போது கலிபோர்னியா 6 டாலரையும் கடந்திருந்தது, டெக்சாஸின் சராசரி 5 டாலரைத் தொடவே இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020 ஏப்ரலில், தேசியச் சராசரி 2 டாலருக்கும் கீழே இருந்தது. சென்னையில் 2022 மே முதல் 2024 மார்ச் வரை பெட்ரோல் விலை அசையாமல் நின்றதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஏற்ற இறக்கம் அச்சமூட்டலாம். இங்கே ஒரே நாற்சந்தியின் எதிரெதிர் பங்குகளில்கூட விலை வேறுபடும். வெயிலில் எளிதில் ஆவியாகாத கோடைக் கலவைக்கு மாறும் இளவேனிலில் விலை பொதுவாக ஏறும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹூஸ்டனில் இருக்கும் மாமாவோ அட்லாண்டாவில் இருக்கும் அத்தையோ சொல்லும் விலையை வைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸிலோ சியாட்டிலிலோ வீடு பார்க்காதீர்கள். வாடகை குறைவு என்று அலுவலகத்திலிருந்து 25 மைல் தள்ளி வீடு எடுத்தால், மாதம் 20 வேலை நாட்களுக்கு 1,000 மைல் ஆகும்; காலனுக்கு 30 மைல் தரும் காரில் அது சுமார் 33 காலன். காலன் 3 டாலர் என்றால் 100 டாலரில் முடியும், 4.75 டாலர் என்றால் 158 டாலருக்குச் சற்று மேல்; 6 டாலர் என்றால் 200 டாலர். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் பங்கின் பலகையில் உள்ள விலையைவிட, உங்கள் பகுதி கடந்த பத்து ஆண்டுகளில் தொட்ட உயர்ந்த விலையே கணக்குக்கு உகந்தது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் கிழக்குக் கடற்கரை, மத்திய மேற்கு, வளைகுடாக் கரை, ராக்கி மலைப் பகுதி, மேற்குக் கடற்கரை என ஐந்து பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் விலையை இலவசமாக வெளியிடுகிறது. பழைய ஆண்டுகளின் விலையும் அங்கேயே கிடைக்கும்.

காரைக்கால் பழக்கம் இங்கேயும் சில இடங்களில் உதவும். மாநில வரியோடு மாவட்ட வரியும் நகர வரியும் சேரும் சிகாகோவில் வசிப்பவர்கள் இண்டியானா எல்லைக்குள் சென்று நிரப்பி வருவது வழக்கம். ஆனால் 12 காலன் நிரப்பும்போது காலனுக்கு 50 சென்ட் குறைந்தால் மிச்சம் 6 டாலர்தான். அதற்காகவே 20 மைல் போய் 20 மைல் திரும்பினால் 4 டாலருக்கு மேல் வழியிலேயே எரிந்துவிடும். வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளில் நிரப்பிக்கொள்ளுங்கள்.