ஒரு பதிவுப் படிவமும் பெரியம்மாவும்: யூ.எக்ஸ். படிக்கத் தொடங்கும் வழி

இணையதளம் உருவாக்கப் படிக்கும் மாணவர்களிடம் யூ.எக்ஸ். (யூசர் எக்ஸ்பீரியன்ஸ், அதாவது பயனர் அனுபவம்) என்று சொன்னால் போதும், உடனே ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். வளைந்த மூலை, மெல்லிய நிழல், ஊதா நிறப் பட்டன். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் தன் பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்ட டான் நார்மன், திரையின் தோற்றத்தை மட்டும் குறிக்கும் சொற்கள் போதவில்லை என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். நாமும் தோற்றத்தை விட்டுவிட்டுத் தொடங்குவோம்.

தேவையானவை: நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்த ஒரு படிவம், ஒரு போன், ஒரு நோட்டு, கணினித் துறைக்குச் சம்பந்தமில்லாத மூன்று முதல் ஐந்து பேர். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும், மிச்ச நேரத்தைத் திருத்திய பிறகு செய்யும் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார்.

படி 1: வேலையை ஒரு கதையாகச் சொல்லுங்கள்

நான் முதன்முதலில் எடுத்துக்கொண்டது ஒரு நூலக உறுப்பினர் பதிவுப் படிவம். கல்லூரிப் பயிற்சிக்காக எழுதியது. பட்டனில் ‘உறுப்பினராகப் பதிவு செய்க’ என்று இருந்தது. சோதிப்பவரிடம் அதே சொற்களைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் திரையில் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார், நமக்கு ஒன்றும் தெரியவராது. “நூலகத்திலிருந்து புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவர உங்களுக்கு ஓர் அட்டை வேண்டும். இந்த போனிலேயே அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.” இவ்வளவு போதும்.

கூடவே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். சோதனை அவருக்கு அல்ல, உங்கள் பக்கத்துக்கு. மனத்தில் ஓடுவதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்.

படி 2: வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

மொத்தப் பாடத்திலும் கடினமானது இதுதான். எனக்கு முதலில் கிடைத்தவர் பெரியம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை. படிவத்தைத் திறந்தவுடன் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். “ஏனப்பா, எனக்குக் கடைசிப் பெயர் ஏது?” என்றார். பதில் சொல்ல நாக்கு துடித்தது. அவரே கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். ‘எழுத்துகள் மட்டுமே’ என்று சிவப்பில் வந்தது. தன் இனிஷியலைப் போட்டார். ‘குறைந்தது 3 எழுத்துகள்’ என்றது. அந்த இரண்டு வரி நிரலை எங்கோ இருந்து நகலெடுத்து ஒட்டியவன் நான்தான். எதிரே உட்கார்ந்து பார்த்தபோது முகம் சிவந்தது எனக்கு.

அந்த இடத்தில் விரலை நீட்டி “அப்பா பெயரைப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டேன். சோதனை அத்தோடு கெட்டது. உங்கள் படிவத்தை நிஜத்தில் நிரப்புகிறவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை. அவர் கேள்வி கேட்டால், “நான் இங்கே இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு பத்து விநாடி மௌனம். அந்தப் பத்து விநாடியில்தான் விஷயம் வெளியே வரும்.

நோட்டில் இரண்டே பத்திகள் போதும்: எங்கே நின்றார், என்ன சொன்னார். ‘இவருக்குப் புரியவில்லை’ என்று எழுதாதீர்கள். அது உங்கள் தீர்ப்பு. ‘பிறந்த தேதியில் 40 விநாடி நின்றார், அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருந்தார்’ என்று எழுதுங்கள்.

படி 3: காகிதத்தில் திருத்துங்கள்

நிரலைத் தொடாமல், பென்சிலால் வெள்ளைத்தாளில் படிவத்தைத் திரும்ப வரையுங்கள். அரை மணி நேர வேலை. நன்றாக வரையத் தெரியாதவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அழகில்லாத படத்தை அழிக்க மனம் வலிப்பதில்லை.

படி 4: நிரலில் திருத்துங்கள்

பெயருக்கு ஒரே கட்டம் போதும், ‘முழுப்பெயர்’ என்று. குடும்பப் பெயர் வழக்கமில்லாத மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தேவையில்லாமல் பெயரைப் பிரித்துக் கேட்க வேண்டாம் என்பதே இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் அறிவுரையும். புள்ளி, இடைவெளி, ஒற்றை எழுத்து மூன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைத்திருந்தேன். அது நடப்பு மாதத்தில் திறக்கும். அம்புக்குறி ஒரு தட்டுக்கு ஒரு மாதம் பின்னே போகும். 60 வயதுக்காரர் 720 தடவை தட்ட வேண்டும்! நாள், மாதம், ஆண்டு என்று தட்டச்சு செய்யும் மூன்று சிறு கட்டங்களாக மாற்றினேன். பிரிட்டன் அரசின் இணையதளங்கள் பிறந்த தேதியைக் கேட்கும் முறையும் இதுதான்.

கட்டத்துக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் ‘மொபைல் எண்’ என்று எழுதி வைப்பது நம் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். பாதியில் பேருந்தில் இறங்கிவிட்டு மறுபடி திறப்பவருக்கு எந்தக் கட்டத்தில் என்ன நிரப்பினோம் என்று தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே லேபல் வையுங்கள், அதை எச்.டி.எம்.எல். நிரலில் கட்டத்தின் ஐடியோடு இணைத்துவிடுங்கள். திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அந்த இணைப்பு இல்லாவிட்டால் வெறும் ‘கட்டம்’ என்றே கேட்கலாம்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூ3சி-யின் அணுகல் விதி. வெள்ளைப் பின்னணியில் #999 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல் 2.85 மட்டுமே தரும். #767676 எல்லையைத் தாண்டிவிடும்.

இன்னும் சில: கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் சஃபாரி உலாவி பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். மொபைல் எண் கட்டத்தின் வகையை ‘டெல்’ (tel) என்று கொடுத்தால் எண் விசைப்பலகை வரும். தமிழில் பட்டன் வைப்பவர்கள் அகலத்தை பிக்சலில் பூட்டிவைக்காதீர்கள், ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ என்பது எந்தப் பெட்டியையும் உடைத்துக்கொண்டு வரும். வரி உயரத்தையும் 1.6 அளவுக்குத் தளர்த்துங்கள். மேல் வரியின் ‘கு’, ‘ழு’ கீழ் வரியின் ‘கி’, ‘ரீ’ மீது இடிப்பது நிற்கும்.

படி 5: மறுபடி உட்காருங்கள்

இம்முறை வேறு ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தவருக்கு வழி பழகியிருக்கும். இருந்தாலும் நான் பெரியம்மாவையும் விடவில்லை. பெயர், தேதி, எண் எல்லாம் தடையில்லாமல் நிரம்பின. கடைசி பட்டனை அழுத்தினார். திரையில் எதுவும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாம் முறையும்.

“முடிந்ததா, இல்லையா? ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறதே.”

சர்வர் பதில் தர நான்கு விநாடி எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு விநாடியைத் தாண்டினாலே பயனரின் எண்ண ஓட்டம் தடைபடும் என்பது நீல்சன் 1993இலேயே சொன்ன கணக்கு. தரவுத்தளத்தில் பார்த்தால் பெரியம்மா மூன்று உறுப்பினர்களாகப் பதிவாகியிருந்தார். பட்டனை அழுத்தியதும் ‘பதிவாகிறது…’ என்று மாற்றி, இரண்டாம் அழுத்தலை ஏற்காமல் செய்தேன். சர்வரும் ஒரே மொபைல் எண்ணை இருமுறை வாங்காதபடி பூட்டினேன். நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டி, மூன்றாவது சுற்றுக்கான தேதியை எழுதினேன்.