பொறியியல் கலந்தாய்வு: காத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் தரவரிசைப் பட்டியல் வெளியான மறுநாளிலிருந்து மாலை நேரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன் என்பதைத் தவிர இந்த வேலைக்கு எனக்கென்று தனித் தகுதி ஏதுமில்லை. 2018-ஆம் ஆண்டில், கலந்தாய்வு முதன்முதலாக இணையவழிக்கு மாறியபோது, என் தம்பிக்காக எல்லாவற்றையும் நானே முன்னின்று செய்து, செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்துவிட்டேன் என்பதுதான் உண்மையான தகுதி. இப்போது வரும் பிள்ளைகளும் அவர்களுடைய தகப்பனார்களும் அதே தவறுகளை அதே தைரியத்தோடு செய்ய முற்படுவதைப் பார்க்கும்போது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சான்றிதழில் உள்ளபடி பெயர் எழுதுவது, கடைசி நாள்வரை இழுத்தடிக்காமல் பதிவு செய்வது போன்றவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைப் பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கிடைத்துவிடும் என்று தோன்றுவதை முதலில் வைப்பது

இந்த ஒரு தவறுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதப்படுகிறது என்றாலும் மிகையில்லை.

தம்பிக்கு அந்த ஆண்டு கட்-ஆஃப், அதாவது 200-க்குக் கணக்கிடப்படும் பாட மதிப்பெண், 171.25. அவன் விரும்பியது ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பு. முந்தைய ஆண்டு எங்கள் பிரிவினருக்கு அந்த இடம் 173-க்குச் சற்று மேலேயே முடிந்திருந்தது. ஆகவே, கிடைக்காத ஒன்றை முதலில் வைத்து வாய்ப்பை வீணாக்குவானேன் என்று நான் முடிவு செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் கோடு போட்டு, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய ஒரு சுயநிதிக் கல்லூரியை முதலிடத்திலும், அதைப் போன்ற வேறு இரண்டை அடுத்த இடங்களிலும், அவன் கேட்ட அரசுக் கல்லூரியைப் பெயருக்கு நான்காவது இடத்திலும் எழுதினேன். கணினி மையத்தில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட மாறாமல் பதிவேற்றினேன்.

தற்காலிக ஒதுக்கீட்டில் முதல் விருப்பமே கிடைத்தது. எங்கள் வீட்டில் அன்று கேசரி கிண்டினார்கள். மேலே உள்ள விருப்பத்துக்கு மாறக் காத்திருக்கிறேன் என்னும் வாய்ப்பை அழுத்திவிட்டால் பிறகு அரசுக் கல்லூரியும் வந்தாலும் வரும் என்று நான் தம்பியிடம் விளக்கம் வேறு சொன்னேன். முதலாவது விருப்பத்துக்கு மேலே ஏறிப்போக எதுவுமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கலந்தாய்வு முழுவதும் முடிந்து, அந்த ஆண்டின் கல்லூரிவாரியான கட்-ஆஃப் பட்டியல் வெளியானபோது, அவன் கேட்ட இடம் எங்கள் பிரிவில் 170.5-இல் முடிந்திருந்தது. அவனைவிட முக்கால் மதிப்பெண் குறைவாகப் பெற்ற ஒருவர் அங்கே சேர்ந்திருந்தார். நான்காவது வரியை முதல் வரியாக எழுதியிருந்தால் போதும். அரசுக் கல்லூரியின் கல்விக் கட்டணம் மிகச் சொற்பம். நாங்களோ நான்கு ஆண்டுகள் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தோடு பேருந்துக் கட்டணமும் சேர்த்துக் கட்டினோம். வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் அவனுக்கு இல்லை.

இந்தத் தவறு ஏன் நேர்கிறது என்றால், ஒதுக்கீடு நடக்கும் முறையை நாம் தலைகீழாகப் புரிந்துகொள்வதால்தான். ஒரு கல்லூரியை முதல் விருப்பமாகக் கேட்டவருக்கு, அதையே பத்தாவதாகக் கேட்டவரைவிட முன்னுரிமை கிடைக்கும் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அப்படியொரு முன்னுரிமை இல்லவே இல்லை. கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, பொதுப்பிரிவிலோ உங்கள் சமூகப் பிரிவிலோ இடம் மீதமிருக்கும் முதல் வரியில் நின்றுவிடுகிறது. இடமில்லாத வரிகளைத் தாண்டிச் செல்வதால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. எட்டாத கல்லூரிகள் இருபதை வரிசையாக மேலே வைத்தாலும், இருபத்தொன்றாவது வரியில் உள்ள கல்லூரியில் உங்களுக்குரிய இடம், உங்கள் தரவரிசைக்கு என்ன கிடைக்குமோ அது, அப்படியே காத்திருக்கும். மாறாக, குறைந்த விருப்பமுள்ள ஒன்றை மேலே வைத்துவிட்டால் கணினி அங்கேயே நின்றுவிடும், கீழே உள்ளவற்றைத் திரும்பியும் பார்க்காது. பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் கல்லூரி பட்டியலின் அடியில் இருக்கும்போதுதான் அது பாதுகாப்பு. மேலே இருந்தால் அதுவே தடுப்புச்சுவர்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்த பிறகும், “இருந்தாலும் சார், ஒரு சேஃப்டிக்கு ரெண்டை மேல போட்டுக்கிறோமே” என்று கேட்கும் தகப்பனார் ஒருவராவது ஒவ்வோர் ஆண்டும் வந்துவிடுகிறார். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான், ஆனால் 2018-இல் நான் பேசியதும் இதே வாக்கியம் என்பதால் குரலை உயர்த்த முடிவதில்லை. இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பட்டியலின் அடுத்தடுத்த இரண்டு வரிகளைக் காட்டி, “இந்த இரண்டும் இன்றைக்கே உன் கையில் இருந்தால் எதை எடுப்பாய்?” என்று மாணவரிடம் மட்டும் கேட்பேன். கீழே உள்ளதைச் சொன்னால் வரிகளை இடம் மாற்ற வேண்டும். எழுபது வரிகள் கொண்ட பட்டியலுக்கு இப்படிக் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். போன ஆண்டின் கட்-ஆஃப் தாள் அந்த ஒரு மணி நேரமும் மேசைமேல் இருக்கக் கூடாது.

தேசிய அளவில் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை நிரப்பும் ஜோசா கலந்தாய்விலும் இதே விதிதான். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கே என்பது தெரிந்திருந்தும், எட்டாது என்று தாமாகவே தீர்மானித்து அதைப் பட்டியலில் சேர்க்காமலேயே விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது வரிகளோடு பட்டியலை முடித்துக்கொள்வது

முந்தைய தவறின் மறுபக்கம் இது. விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஒரு கல்லூரியின் ஒவ்வொரு பாடப்பிரிவும் தனி விருப்பம். அப்படியிருக்க, கட்-ஆஃப் 160 வைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளையும் கோயம்புத்தூரின் பெரிய கல்லூரிகளையும் மட்டும் ஒன்பது வரிகளாக எழுதிவிட்டு, தன் தரவரிசைக்குரிய சுற்றில் எதுவும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்ட மாணவர் ஒருவர் கடந்த ஆண்டு கண்கலங்கி வந்து நின்றார். அடுத்த சுற்றில் இடம் கிடைக்கும்தான். ஆனால் அவருடைய சுற்றில் இருந்த எல்லோரும் எடுத்துக்கொண்டுபோன பிறகு மிஞ்சியதே கிடைக்கும். விரும்பியது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்னும் நம் மாற்றுத் திட்டத்தின் முதல் பகுதி வெளியே எங்கும் இல்லை, இந்தப் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது.

பழைய மதிப்பெண்ணோடு புதிய மதிப்பெண்ணை ஒப்பிடுவது

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப், வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்து ஆண்டுதோறும் ஏறி இறங்கும். 2021-இல் பெருந்தொற்றால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டின் கட்-ஆஃபை இன்னொரு ஆண்டோடு ஒப்பிடுவது, படியால் அளந்ததை முழத்தோடு ஒப்பிடுவதைப் போன்றது. ஒப்பிட வேண்டியது தரவரிசை எண்ணை, அதிலும் உங்கள் சமூகப் பிரிவுக்கான தரவரிசை எண்ணை. நான் தம்பி விஷயத்தில் 173 என்ற எண்ணைப் பார்த்துப் பின்வாங்கியதற்குப் பதிலாக அந்த எண்ணுக்கு முந்தைய ஆண்டில் எத்தனையாவது தரவரிசை இருந்தது என்று பார்த்திருந்தால், பட்டியலை அப்போதே வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பயத்தில் அட்வான்ஸ் கட்டுவது

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் அரசுக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அவற்றின் சேர்க்கை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே சூடுபிடித்துவிடும். தேர்வு முடிவுகூட வராத நிலையில், “இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்” என்று தொலைபேசி அழைப்பு வரும்போது எந்தப் பெற்றோருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அப்படிக் கட்டிய முன்பணம், கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்த பிறகு, ஏழு மாதங்கள் கழித்துத் தவணை தவணையாகத்தான் திரும்பி வந்தது. வட்டிக் கடை மட்டும் காத்திருக்கவில்லை.

மாற்று இடம் ஒன்றைப் பிடித்து வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை அந்த நிறுவனத்தின் தாளில் எழுத்தாகப் பெற வேண்டும், தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. வகுப்புகள் தொடங்குவதற்கு முன் விலகும் மாணவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அதை அறிந்திருப்பவரிடம் பேசும் தொனியே வேறாக இருக்கும். அடுத்தது, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. பணம் தாமதமாக வந்தால் கடன் வாங்கிச் சமாளிக்கலாம், மாற்றுச் சான்றிதழ் இன்னொரு அலமாரியில் பூட்டிக் கிடந்தால் கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேருவதே சிக்கலாகிவிடும். கடைசியாக, முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வின் வழியே சேருபவர்களுக்கு மட்டுமே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்கு இல்லை. ஒரே கல்லூரி, ஒரே பாடப்பிரிவு என்றாலும் எந்தக் கதவு வழியாக நுழைகிறோம் என்பதில் நான்கு ஆண்டுக் கணக்கு மாறிவிடுகிறது.

ரேண்டம் எண்ணைத் தரவரிசையாக எடுத்துக்கொள்வது

விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண் தரவரிசையும் அல்ல, அதிர்ஷ்ட எண்ணும் அல்ல. மதிப்பெண்கள், பிறந்த தேதி என எதனாலும் இருவரைப் பிரிக்க முடியாதபோது மட்டுமே அது பார்க்கப்படும்.

கலை அறிவியல் கல்லூரிகளை மறந்துவிடுவது

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம், பொறியியல் தரவரிசை வெளியாவதற்கு முன்பே முடிந்துவிடும். ஐம்பது ரூபாய் அளவிலான விண்ணப்பக் கட்டணம்தான். ஆனாலும் “பையன் இன்ஜினீயரிங்தானே போகப்போகிறான்” என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு, ஆகஸ்ட் மாதத்தில் பி.எஸ்சி. இடம் கேட்டு அலைபவர்கள் உண்டு. கணிதமோ இயற்பியலோ கணினி அறிவியலோ பி.எஸ்சி. முடித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருந்தால், நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. படிப்பில் சேர வழி இருக்கிறது என்பது விண்ணப்பிக்கும் காலத்தில் பலருக்குத் தெரிவதே இல்லை.

பாலிடெக்னிக்கைத் தோற்றவர்களின் இடமாக நினைப்பது

என் பிழைப்பே அங்கே என்பதால் இதை நான் நடுநிலையோடு சொல்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு ஆண்டுகளில் அதை முடித்துவிட்டுக் கலந்தாய்வின் வழியே பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். கணக்குப் பார்த்தால் பி.இ. பட்டம் கையில் வர நான்குக்குப் பதில் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கடைசிச் சுற்றில், ஆசிரியர்கள் போதாத ஒரு கல்லூரியில், யாருக்கும் வேண்டாத ஒரு பாடப்பிரிவை எடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பதினோரு அரியரோடு நிற்பவரைவிட இவர் பின்தங்கியவர் அல்லர். லேத்தை முதல் வாரத்திலேயே தொட்டுப் பழகியவர்கள் பிறகு பொறியியல் கல்லூரிப் பணிமனையில் எப்படி நிற்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயரைப் பார்த்துக் குறியீட்டு எண்ணைப் பார்க்காமல் விடுவது

கலந்தாய்வில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. பி.எஸ்.ஜி. ஐடெக்கின் எண் 2377. இரண்டும் ஒன்றல்ல. சுயநிதிப் பிரிவு என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படிக்கவும், கட்டணம் வேறு.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஊருக்குப் போய்விடுவது

உறுதி செய்ய இரண்டே நாட்கள். உறுதி செய்யாவிட்டால் இடம் இன்னொருவருக்கு. உறுதி செய்த பிறகு குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்திச் சேராவிட்டாலும் அப்படியே.

துணைக் கலந்தாய்வுக்காகக் கிடைத்த இடத்தை விடுவது

மருத்துவக் கலந்தாய்வு நடக்கும்போது பொறியியலில் சேர்ந்த பலர் விலகிவிடுவார்கள், அப்போது நல்ல கல்லூரிகளில் இடம் காலியாகும் என்றொரு பேச்சு ஒவ்வோர் ஆண்டும் உலவும். இடங்கள் காலியாவது உண்மை. ஆனால் கலந்தாய்வில் சேர்ந்தவர்கள் காலி செய்யும் அந்த இடங்கள் துணைக் கலந்தாய்வுக்கு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அது பன்னிரண்டாம் வகுப்புத் துணைத்தேர்வு எழுதித் தேறியவர்களுக்காகவும் பொதுக் கலந்தாய்வில் இடம் பெறாதவர்களுக்காகவும், மிஞ்சிய இடங்களைக் கொண்டு நடத்தப்படுவது. சென்ற ஆண்டு இந்தப் பேச்சை நம்பி, கையில் இருந்த எலக்ட்ரிகல் இடத்தை வேண்டாம் என்று அழுத்தப்போன ஒரு பெண்ணைத் திண்ணையில் உட்காரவைத்து, அவளுடைய பட்டியலில் அந்த எலக்ட்ரிகலுக்கு மேலே இன்னும் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னேன். பதினான்கு இருந்தன. ஏற்றுக்கொண்டு மேலே செல்லக் காத்திருக்கிறேன் என்பதை அழுத்தினாள். மூன்று வரிகள் மேலே ஏறி, திருநெல்வேலியில் இடம் கிடைத்தது.